எத்தனை மாதத்துக்கு

2025 செப்டம்பர் 11, வியாழன்

மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் திகதி தந்துவிட்டார்கள். அக்டோபர் 8, புதன். திங்கள் போயா, பௌர்ணமி லீவு, அதனால் புதன். கிழமைக்கு ஐந்து நாள் போக வேண்டும். அதற்குள் வீடு.

செப்டம்பர் 12

விடிய இரண்டு மணி வரைக்கும் போனில் வீடு பார்த்தேன். கொழும்பு 6 என்றால் வெள்ளவத்தை, 4 பம்பலப்பிட்டி, 13 கொட்டாஞ்சேனை. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் யாருக்கும் இந்த இலக்கங்களைச் சொல்லித் தரத் தேவையில்லை, வெளிநாடு போன அத்தனை பேரும் 6இல் ஆறு மாதமாவது இருந்துவிட்டுத்தான் போனார்கள். வெள்ளவத்தையில் இரண்டு அறைத் தொடர்மாடி ஒரு லட்சத்து இருபதாயிரம் என்கிறார்கள், ஒரு வருட முற்பணம். தெகிவளைக்குப் போனால் எண்பது. சில விளம்பரத்தில் சைவக்காரருக்கு மட்டும் என்று போட்டிருக்கிறது. எல்லாரும் குசினி மாபிளைப் படம் எடுத்துப் போடுகிறார்கள், அலுமாரியைத் திறந்து வைத்தும் எடுக்கிறார்கள், ஒருவராவது படிக்கட்டைப் போட மாட்டாராம். எனக்குப் பார்க்க வேண்டியது அது ஒன்றுதான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

தம்பி கோல் எடுத்தான். ராஜகிரியவில் பார் அக்கா, நல்ல வடிவான இடம், ஜிம்மும் இருக்கு என்றான். ஜிம்! பிறகு மகரகம பக்கம் ஒன்று அனுப்பினான், ‘பஸ் ஹோல்ற்றுக்கு 1.2 கிலோமீற்றர்தான், நடக்கிற தூரம்’ என்று எழுதி. அவன் வெளிநாடு போய் எத்தனை வருடம். அவனுடைய அம்மா இன்னும் சைக்கிளில் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கி வருகிறவ. குசினியில் இருந்து கிணற்றடிக்குப் போக அம்மா இப்போது இரண்டு தரம் நிற்கிறா, ஒருக்கால் தூணைப் பிடித்து, ஒருக்கால் கொடிக் கம்பியைப் பிடித்து, ஏதோ உடுப்புக் காய்ந்ததா என்று பார்க்கிற மாதிரி. கொடியில் ஒன்றும் இருக்காது.

அதை நான் அவனுக்குச் சொல்லவில்லை. பாப்பம் என்றேன்.

செப்டம்பர் 15

இன்று ஒரு தரம்தான் நின்றா.

செப்டம்பர் 17

வெள்ளவத்தையில் பார்க்கப் போகிறேன் என்றதும் அப்பா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். 2007 ஜூன் மாதம் தம்பியின் அலுவலாக அவர் அங்கேதான் நின்றார். 7ஆம் திகதி விடியப்புறம் பொலிஸ் லொட்ஜ்களில் ஏறி, தமிழ் ஆக்களை இறக்கி, பஸ்ஸில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடை போட்டது, ஆனால் ஏற்றினது ஏற்றினதுதான். அப்பா அன்று லொட்ஜில் இல்லை. காசு மிச்சம் பிடிக்க முதல் நாள்தான் மாமி வீட்டு விறாந்தைக்கு மாறியிருந்தார்.

“எங்கட சனத்துக்குள்ள இருந்தால் பயமில்லை எண்டு எல்லாரும் அங்க போறது. எல்லாரும் ஒரே இடத்தில இருந்தால் அள்ளுறதும் லேசு.”

அப்பா, இப்ப 2025 என்றேன். ஓம் என்றார். பிறகு சாப்பிடவில்லை.

செப்டம்பர் 20, சனி. வெள்ளவத்தை, மாமி வீடு

முதல் புரட்டாதிச் சனி. மாமி ஆறாம் மாடி பல்கனியில் காகத்துக்குச் சோறு வைத்தா, காகம் வரவில்லை, கீழே கோயிலடியில் நல்ல சாப்பாடு கிடைக்கும் போல. இரவு பஸ்ஸில் நித்திரை இல்லை. எதற்கு வீடு என்று மாமி மூன்று தரம் கேட்டா. எனக்கு வேலை மாற்றம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

புரோக்கர் ஐந்து வீடு காட்டினார். மரின் டிரைவில் ஒன்று, யன்னலைத் திறந்தால் தண்டவாளம், அதற்கு அங்கால் கடல். கடல் என்று சந்தோசப்படலாம், ஆனால் யன்னல் கம்பியைத் தொட்டால் துரு கையில் வருகிறது, ரெயில் போனால் கண்ணாடி அதிர்கிறது, அம்மாவுக்குப் பகல் நித்திரைதான் முக்கியம். தமிழ்ச் சங்கம் இருக்கிற 57ஆவது ஒழுங்கைக்குக் கிட்ட ஒன்று, நல்ல வெளிச்சம், குசினிக்கு வெளியே உடுப்புக் காயப் போடவும் இடம், லிப்ட் இல்லை, 54 படி. “அம்மா ஒரு நாளைக்கு ஒருக்கால்தானே இறங்கப் போறா” என்றார் புரோக்கர். ஏறவும் வேண்டும் அண்ணை.

மூன்றாவதில் லிப்ட் இருந்தது, எல்லாம் இருந்தது, விலையும் இருந்தது. வீட்டுக்காரர் நல்ல மனிசன், தேத்தண்ணி தந்தார். அப்புறம் கேட்டார், “எத்தனை மாதத்துக்கு வேணும்?”

வாய் வரவில்லை. வருகிற வழியெல்லாம் வாடகை, முற்பணம், தண்ணி பில், பராமரிப்புக் காசு, கரண்ட் போனால் ஜெனரேற்றர் லிப்டுக்கும் வேலை செய்யுமா என்று எல்லாம் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தவளுக்கு இந்தக் கேள்வி வரும் என்று தெரியவில்லையா? ஆறு கிழமை என்று சொன்னால் கொடுக்க மாட்டார்கள். ஒரு வருடம் என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. சொல்லி அழைக்கிற மாதிரியும் இருக்கிறது, சொல்லாமல் விட்டால் வேறு எதையோ ஒப்புக்கொள்கிற மாதிரியும் இருக்கிறது. யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். தேத்தண்ணியை முழுக்கக் குடிக்கவும் இல்லை.

செப்டம்பர் 21

தெகிவளை. கடைக்கு மேலே இரண்டாம் மாடி, 31 படி, வளைவில் கைபிடி இல்லை. கீழே பொரிக்கிற எண்ணெய் மணம், அம்மாவுக்கு இப்போது ஆகாதது அதுதான். மகரகமவுக்கு 119 பஸ் நேரே போகும் என்பது ஒன்றே நன்மை. இங்கேயும் கேட்டார்கள்.

செப்டம்பர் 22, திங்கள்

ஞாயிற்றுக்கிழமை றோட்டை வைத்துக் கணக்குப் போடக் கூடாது என்று இன்று நின்றேன். 6.35க்கு வெள்ளவத்தையில் 141 பஸ், கிருலப்பனையில் இறங்கி 138. இரண்டு 138ஐ விட்டேன், மூன்றாவதில் கால் வைக்க இடம் கிடைத்தது. 7.58க்கு மகரகமவில் இறங்கினேன். நுகேகொடையில் இருந்து ஒரு அம்மா என் தோளைப் பிடித்தபடி வந்தா, தலையில் இறுக்கிக் கட்டின துணி, கையில் பச்சைப் பைல். என்னோடு அதே இடத்தில் இறங்கினா.

ஆட்டோவில் என்றால் நாளுக்கு இரண்டு தரம், கிழமைக்கு ஐந்து நாள். கணக்குப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.

திரும்பிப் போக மனம் வராமல் பக்கத்து ஒழுங்கைகளில் நடந்தேன். கேற்றில் ஒரு மட்டை தொங்கியது, எழுத்து வாசிக்க நேரம் பிடித்தது, குலியட, வாடகைக்கு, என்ற சொல் மட்டும் தெரிந்தது. அனெக்ஸ். தனி வாசல். ஒரு அறை, சின்ன விறாந்தை, பாத்ரூம் அறைக்குள்ளேயே. மூன்று படி. நாற்பத்தைந்தாயிரம். வீட்டுக்கார அம்மா யாருக்கு வருத்தம் என்று கேட்கவில்லை, அந்த ஒழுங்கையில் வாடகைக்கு வருகிறவர்களிடம் அதைக் கேட்கத் தேவையில்லைப் போல. என்னுடைய உடைந்த சிங்களத்துக்குச் சிரித்தா, ‘கமக் நே’, பரவாயில்லை, என்றா. பிறகு அவவும் கேட்டா. மாச கீயகடத?

மூன்றாவது தரம். இன்றைக்கும் பதில் இல்லை.

செப்டம்பர் 23. கொக்குவில்

“மாமிக்குச் சொன்னியோ?” இதுதான் அம்மாவின் முதல் கேள்வி. இல்லை என்றதும் பையை வாங்கி வைத்தா.

செப்டம்பர் 25

சண்டை. நான் வெள்ளவத்தை லிப்ட் வீடு என்றேன். கோயில் பக்கத்தில், மருந்துக் கடையில் தமிழில் கேட்கலாம், இரவு ஏதும் என்றால் ஓடி வர ஆள் இருக்கு, யாழ்ப்பாண பஸ் வாசலில் வந்து நிற்கும். அம்மா கேட்டுக்கொண்டே முருங்கையிலை உருவினா.

“அந்த லிப்டுக்குள்ள ஊர்ச் சனம் நிக்கும். எங்க இருந்து வந்தனீங்கள், என்ன அலுவல், ஏன் தலையில துணி எண்டு கேக்கும். ஆறாம் மாடி வருமட்டும் நான் என்ன சொல்லுறது?”

மகரகமவில் உங்களுக்கு ஆரைத் தெரியும் என்று கத்தினேன். “ஒருத்தரையும் தெரியாது. அதுதான்.”

கடையில் உப்புக் கேட்கக்கூட உங்களுக்குச் சிங்களம் வராது என்றேன். லுணு என்றா. மிளகாய்க்கு மிரிஸ். 78இல் அப்பாவுக்கு அனுராதபுரத்தில் வேலை, அங்கே இரண்டு வருடம் இருந்தார்களாம். எனக்கு இது தெரியவே தெரியாது. இத்தனை வயதுக்குப் பிறகு உப்பால் தெரிந்துகொள்கிறேன்.

உண்மையைச் சொன்னால் வெள்ளவத்தை எனக்குத்தான் வேண்டும். இரவில் பக்கத்து வீட்டில் தமிழ் டிவிச் சத்தம் கேட்க வேண்டும்.

செப்டம்பர் 26

இரண்டு பேரும் கதைக்கவில்லை. நாய்க்கு இரண்டு தரம் சோறு வைத்திருக்கிறோம்.

செப்டம்பர் 27, சனி

அனெக்ஸ் அம்மா போன் எடுத்தா. வேறு ஆக்கள் கேட்கிறார்களாம், குறைந்தது ஒரு வருடம் எழுத வேண்டுமாம், முற்பணம் மூன்று மாதம் போதும். பிறகு சொல்கிறேன் என்று வைக்கப் போனேன். அம்மா எள்ளெண்ணெய் விளக்குத் திரியைத் திருகிக்கொண்டே கேட்டா:

“என்னவாம்?”

ஒரு வருடமாம்.

“ஓம், அதுக்கென்ன, ஒரு வருசத்துக்கே எழுது. அடுத்த நல்லூர்க் கொடியேத்தத்துக்கு வந்திட்டுப் போகலாம்தானே.” பிறகு, “உடுப்புக் காயப் போட இடம் இருக்கோ?” என்றா.

அதைத்தான் பார்க்கவில்லை.

அக்டோபர் 2, விஜயதசமி

ஏடு தொடக்குகிற நாளில் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தேன். காலம்: பன்னிரண்டு மாதம். கொடிக் கயிறு பின்பக்கம் கட்டலாம், கேட்டுவிட்டேன். அப்பா வரமாட்டார், நாயை யார் பார்ப்பது என்கிறார்.

அக்டோபர் 4

இரண்டு சூட்கேஸ், ஒரு அரிசிச் சாக்கு, அம்மிக்கல் வேண்டாம் என்று சொல்லியும் பெட்டியடியில் வந்து இருக்கிறது. காஸ் சிலிண்டர் லிட்ரோவா லாப்ஸா என்று கேட்காமல் வந்துவிட்டேன்.