எல்லாம் திறந்த பிறகு வந்த பயம்

கோவிட் காலத்தில் பயந்ததைவிட, எல்லாம் திறந்த பிறகுதான் நான் அதிகம் பயந்தேன். சொன்னால் பலர் நம்புவதில்லை.

2020 மார்ச் 18-இல் மலேசியாவில் எம்சிஓ என்ற நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, கோலாலம்பூரின் செந்தூல் அடுக்குமாடியில் எங்களுக்கு வேலை நிறைய இருந்தது. வீட்டுக்கு ஒருவர்தான் கடைக்குப் போகலாம், அதுவும் 10 கிலோமீட்டருக்குள். வீட்டுக்காரர் வாங்கி வரும் சாமானை ஒவ்வொன்றாகத் துடைப்பேன், பிள்ளைகளை ஆன்லைன் வகுப்பில் உட்கார வைப்பேன். சாயங்காலமானால் அப்போதைய சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நோர் ஹிஷாம் டிவியில் வந்து அன்றைய தொற்று எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும்; அதைக் கேட்காமல் மாமியாருக்குத் தேத்தண்ணி இறங்காது. 2021 ஆகஸ்டில் அந்த எண்ணிக்கை ஒரே நாளில் 24,000-ஐத் தாண்டியது. அந்த மாதம்தான் பெரியப்பா போனார். முகம் பார்க்க விடவில்லை. கருமக்கிரியையை ஜூமில் பார்த்தோம். பூசாரி மைக்கை ஆன் செய்ய மறந்துவிட்டார், யாரும் சொல்லவும் இல்லை. மறுநாள் காலை வழக்கம்போல லேப்டாப்பைத் திறந்தேன்.

2022 ஏப்ரல் 1-இல் எல்லைகள் திறந்தன. ஆபீசிலும் கூப்பிட்டார்கள். ஒரு காலை எல்ஆர்டி ரயிலில் தித்திவங்சா நிலையம் தாண்டியதும் பக்கத்தில் யாரோ இருமினார்கள். நெஞ்சு இறுகி, கை மரத்து, வாய் வறண்டு போனது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். அடுத்த நிலையத்தில் இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தவள், வீட்டுக்காரர் வரும்வரை எழுந்திருக்கவில்லை. அப்புறம் இது அடிக்கடி வந்தது. லிஃப்டில் ஆள் ஏறினால் மூச்சைப் பிடித்துக்கொள்வேன், பிறகு படியேறவே பழகிவிட்டேன். எங்கள் வீடு பதினோராவது மாடி.

ஒரு தனியார் கிளினிக்கில் இசிஜி எடுத்தார்கள். "ஹார்ட் ஓகே, ரெஸ்ட் எடுங்க," அவ்வளவுதான். மாமியார் மிளகாய் சுற்றிப் போட்டார். அதில் எனக்குக் குறையில்லை. அந்த இரண்டு நிமிடமாவது ஒருவர் என்னை உட்கார வைத்துக் கவனித்தார்.

தனியார் மனநல மருத்துவர் என்றால் நூற்றுக்கணக்கில் செலவாகும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தபோது, மேல் வீட்டு அக்காதான் அரசாங்க கிளினிக்குக்குப் போகச் சொன்னார். கிளினிக் கெசிஹாத்தான் எனும் அந்த அரசாங்க கிளினிக்கில் இதையும் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். கவுண்டரில் "தூக்கம் இல்லை, நெஞ்சு படபடப்பு" என்றேன். நர்ஸ் பிரஷர் பார்த்துவிட்டு ஒரு தாளை நீட்டினார்.

அதன் பெயர் டாஸ்-21. மலாயில் 21 வாக்கியங்கள். கடந்த ஒரு வாரத்தில் ஒவ்வொன்றும் நமக்கு எவ்வளவு பொருந்தியது என்று 0 முதல் 3 வரை குறிக்க வேண்டும். இரண்டாவது வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன்: வாய் வறண்டிருந்ததை உணர்ந்தேன் என்று இருந்தது. கீழே மூச்சு வாங்குவது, உடலுக்கு வேலை கொடுக்காமலே இதயம் அடித்துக்கொள்வது என்று வரிசையாக எல்லாமே இருந்தன. என் உடம்பு செய்ததை எவரோ முன்கூட்டியே அச்சடித்து வைத்திருக்கிறார்கள்! அழுகையோடு சிரிப்பும் வந்தது. இது நோயை உறுதிசெய்யும் சோதனை இல்லை, ஆரம்பக்கட்டச் சல்லடை மட்டுமே என்று டாக்டர் விளக்கினார். மன உளைச்சல், பதற்றம், மனச்சோர்வு என மூன்றையும் தனித்தனியாகக் கூட்டுவார்களாம். எனக்குப் பதற்றம்தான் எகிறியிருந்தது. தைராய்டு இருக்கலாமே என்று ரத்தமும் எடுத்தார்.

பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை கொடுத்தார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், ஆனால் பக்க விளைவு முதல் சில நாளிலேயே வரலாம். அதனால்தான் பலர் பாதியில் நிறுத்துகிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்குக் குமட்டல், கொட்டாவி, கொஞ்சம் கூடுதல் படபடப்பு. டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் தாக்குப்பிடித்தேன்.

அரசாங்க மருத்துவமனைக்குக் கடிதமும் கிடைத்தது. தேதி வர நிறையக் காத்திருக்க வேண்டும், அதில் மாற்றமில்லை. அங்கிருந்த கவுன்சிலர் தமிழ் பேசினார். பெரியப்பாவைப் பற்றி அவரிடம்தான் முதன்முதலாக முழுதாகப் பேசினேன். லிஃப்டுக்கு அவர் தந்த பயிற்சி எளிமையானது: முதலில் ஆளில்லாத நேரத்தில் ஒரு மாடி. பழகியதும் இரண்டு. பிறகு தெரிந்தவரோடு, கடைசியில் தெரியாதவரோடு. பயம் ஏறினால் உடனே ஓடிவிடாமல், அது தானாக இறங்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். எல்ஆர்டிக்கும் இதே முறைதான், மாடிக்குப் பதில் நிலையம். பண்டாராயா நிலையத்தைத் தாண்ட எனக்குப் பல மாதம் ஆனது.

இப்போதும் மாத்திரை எடுக்கிறேன், அளவு பாதியாகிவிட்டது. நாமாகவே நிறுத்தினால் தலைசுற்றலாம், பழைய பதற்றமும் திரும்பலாம். டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும். ஆபீசில் யாருக்கும் காரணம் தெரியாது, எம்.சி. எனும் மருத்துவ விடுப்புச் சீட்டில் அது எழுதப்படவில்லை.

போன வாரம் நாத்தனார் கேட்டார், "அண்ணி, அங்கே போனா என்ன சொல்லணும்?" மைகார்டு அடையாள அட்டையோடு காலையிலேயே போய் நம்பர் எடு, தூக்கத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பி, மீதியை அவர்களே கேட்பார்கள் என்றேன். அதுவரை பொறுக்க முடியாத இரவென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் 15555 உதவி எண் இருக்கிறது. பிஃப்ரெண்டர்ஸ் என்ற தன்னார்வ அமைப்பினர் 24 மணி நேரமும் போனை எடுக்கிறார்கள். இரண்டு எண்களையும் அவருடைய போனில் நானே பதிந்து கொடுத்தேன்.