அதனால, மூணு ஜோசியர்

"எங்கப்பாவுக்கு ஜோசியத்துல நம்பிக்கையே கிடையாது. ஆனா என் ஜாதகத்தை மூணு ஜோசியர்கிட்ட காட்டினார்."

யார் வேண்டுமானாலும் மேடையேறி ஜோக் சொல்லிப் பார்க்கும் ஓப்பன் மைக்கில் இதைச் சொன்னால் நாலு பேர் புன்னகைப்பார்கள். 'ஆனா' காதில் விழுந்ததுமே அப்பா மாட்டப் போகிறார் என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். அதை எடுத்துவிட்டு 'அதனால' போட்டேன். "நம்பிக்கையே கிடையாது. அதனால மூணு ஜோசியர்கிட்ட காட்டினார்." சிரித்தார்கள். இப்போது அப்பா வேஷக்காரர் இல்லை. ஒருத்தரை நம்ப முடியாது, மூணு பேரைக் கேட்போம் என்று அவருக்கும் ஒரு நியாயம் வந்துவிட்டது. அதைக் கூட்டம் தானாகப் பிடிக்க அரை நொடி ஆகிறது. (உண்மையில் நாலு ஜோசியர். நாலு என்றால் ஏனோ எடுபடுவதில்லை.)

'ஆனா'வே வேண்டாம் என்றில்லை. அமெரிக்கக் காமெடியன் மிட்ச் ஹெட்பெர்க் சொன்ன ஒன்று ரொம்பப் பிரபலம்: முன்னாடி நான் போதைப்பொருள் எடுத்துக்கிட்டிருந்தேன். இப்பவும் எடுக்கிறேன், ஆனா முன்னாடியும் எடுத்தேன். 'ஆனா' வந்ததும் ஏதோ மாறியிருக்கும் என்று காத்திருக்கிறோம். ஒரு மண்ணும் மாறவில்லை. அவர் 2005-இல், 37 வயதில், போதைப்பொருளால்தான் இறந்தார். அது தெரிந்தும் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் சங்கடத்தோடு.

தமிழில் எனக்குத் தொல்லை வினைச்சொல். 'மூணு ஜோசியர்' என்றதுமே சிரிப்பு கிளம்பிவிடுகிறது, நான் அதன் மேல் 'கிட்ட காட்டினார்' என்று முணுமுணுத்துக்கொண்டு நிற்கிறேன். சரி, வீட்டில் பேசுகிற மாதிரியே திருப்பிப் போட்டேன்: "அதனால அவர் போய்ப் பார்த்தது, மூணு ஜோசியர்." ஜோசியரோடு வாக்கியம் முடிந்தது, நானும் வாயை மூடிக்கொண்டேன்.

சிரிப்பே வினையில் இருந்தால் கதை வேறு. அப்போது அதை அசைக்கவே கூடாது. கல்யாணத் தரகர் பாணியில் ஒன்று வைத்திருக்கிறேன்: "பையனுக்கு சொந்த வீடு, கார், கைநிறைய சம்பளம், எல்லாமே..." இங்கே தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடிப்பேன். முன்வரிசை மாமிகள் தலையாட்டத் தொடங்கியிருப்பார்கள்.

"...இருந்திருக்கலாம்."