பிராசசர் பெயரைக் கடைசி எழுத்திலிருந்து படியுங்கள்

போன வாரம் தங்கை இரண்டு படங்களை அனுப்பியிருந்தாள். ஒன்று, அவள் வாங்க நினைக்கும் லேப்டாப்பின் ஸ்டிக்கர். அதில் இன்டெல் கோர் ஐ7 என்று போட்டிருந்தது. இன்னொன்று அவளிடம் ஏற்கெனவே இருக்கும் டெஸ்க்டாப்பின் ஸ்டிக்கர், அது ஐ5. "அண்ணா, ஐ7 தானே பெரிசு? வீடியோ எடிட்டிங் எல்லாத்தையும் இனிமே லேப்டாப்புக்கே மாத்திடலாமா?" என்று கேட்டிருந்தாள். ஸ்டிக்கரை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது, முழுப் பெயரை அனுப்பு, எண்ணும் வேண்டும், அதற்குப் பின்னால் வரும் எழுத்தும் வேண்டும் என்றேன். எழுத்து எதற்கு என்று அவள் கேட்டாள். அதற்கு ஃபோனில் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

லேப்டாப்பில் இருந்தது ஐ7-1255யு. டெஸ்க்டாப்பில் ஐ5-12400. இரண்டுமே 12ஆம் தலைமுறை. அதிகபட்ச வேகத்தைப் பார்த்தால் லேப்டாப் 4.7 கிகாஹெர்ட்ஸ், டெஸ்க்டாப் 4.4. கோர் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) எண்ணிக்கையைப் பார்த்தால் லேப்டாப்பில் 10, டெஸ்க்டாப்பில் 6. ஐ7, கூடுதல் வேகம், கூடுதல் கோர், எல்லாமே லேப்டாப் பக்கம்தான் நிற்கிறது. ஆனால் ஒரு மணி நேர வீடியோவை ஏற்றுமதி (எக்ஸ்போர்ட்) செய்யச் சொன்னால், பிராசசரை மட்டுமே நம்பி நடக்கிற அந்த வேலையில் முந்துவது அந்த ஐ5.

காரணம் இரண்டு. அந்தப் பத்து கோர்களில் இரண்டுதான் பெரியவை, மீதி எட்டும் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிப்பதற்காகச் செய்யப்பட்ட சிறிய கோர்கள். 12400இல் இருக்கும் ஆறுமே பெரியவை. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம், வாட். 1255யுவின் அடிப்படை மின் அளவு 15 வாட், 12400க்கு 65 வாட். ஒரு கோரின் வேகத்தை ஏற்ற வேண்டுமானால் பெரும்பாலும் வோல்டேஜையும் ஏற்ற வேண்டும், வோல்டேஜ் ஏறினால் மின்செலவு அதன் வர்க்கத்துக்கு ஏறும், அதனால் கடைசி அரை கிகாஹெர்ட்ஸுக்காகச் செலவாகும் மின்சாரம் முதல் அரை கிகாஹெர்ட்ஸுக்கு ஆவதைவிட மிக அதிகம். அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். விரல் கனமுள்ள ஒரு பெட்டிக்குள் சின்ன விசிறியை வைத்துக்கொண்டு எவ்வளவு வெப்பத்தைத் தள்ள முடியும்?

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். யு வகை லேப்டாப்பில் ஒரு பெரிய வீடியோவை மாற்றப் போட்டுவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயல்திறன் பக்கத்தில் வேகம் காட்டும் எண்ணையே பார்த்துக்கொண்டிருங்கள். தொடக்கத்தில் சட்டென்று மேலே போகும். அப்போது அது 15 வாட்டுக்கு வெகு மேலே ஓடுகிறது. 1255யுவுக்கு இன்டெல் கொடுத்திருக்கும் உச்சவரம்பு 55 வாட். சில பத்து விநாடிகள் போனதும் விசிறிச் சத்தம் ஏறும், எண் இறங்க ஆரம்பிக்கும், இறங்கிய இடத்திலேயே கடைசிவரை நின்றுவிடும். அது பழுது அல்ல, வடிவமைப்பே அப்படித்தான். பிரவுசர் திறப்பது, கோப்பு சேமிப்பது மாதிரி வேலைகள் அந்த முதல் சில விநாடிகளுக்குள்ளேயே முடிந்துவிடுவதால் யு வகை லேப்டாப் அன்றாடம் படு சுறுசுறுப்பாகத் தெரியும், அது உண்மையான சுறுசுறுப்புதான். நீண்ட வேலையில்தான் வித்தியாசம் வெளியே வரும்.

அதனால்தான் பெயரைக் கடைசி எழுத்திலிருந்து படிக்கச் சொல்கிறேன். ஐ3, ஐ5, ஐ7 என்று பெயர் போட்ட இன்டெல் லேப்டாப்பில் யு என்றால் பெரும்பாலும் 15 வாட் வகை, ஹெச் என்றால் பெரும்பாலும் 45, ஹெச்எக்ஸ் என்றால் 55. 12, 13ஆம் தலைமுறைகளில் இடையில் பி என்று 28 வாட்டில் ஒன்று வந்துபோனது. டெஸ்க்டாப்பில் எழுத்தே இல்லாவிட்டால் சாதாரண வகை, கே என்றால் வேகத்தை நாமே ஏற்றிக்கொள்ளலாம், டி என்றால் சிறிய பெட்டிகளுக்கான 35 வாட் வகை. எஃப் என்று இருந்தால் கவனம், அதில் உள்ளமை கிராபிக்ஸ் கிடையாது, தனி கிராபிக்ஸ் கார்டு போடாமல் மானிட்டரில் படமே வராது. 3, 5, 7, 9 என்ற எண்கள் ஒரே எழுத்துக் குடும்பத்துக்குள் யார் பெரியவர் என்று மட்டும்தான் சொல்லும். ஏழாம் தலைமுறையில் ஐ7-7500யுவுக்கு இருந்தது 2 கோர், அதே தலைமுறை டெஸ்க்டாப் ஐ5-7400க்கு 4 கோர். ஆக, இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததல்ல.

ஹெச்எக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. அது உண்மையில் டெஸ்க்டாப் சிப்பையே லேப்டாப்பில் பொருத்துவதற்கு ஏற்றபடி மாற்றியது. ஐ9-13900கே, ஐ9-13980ஹெச்எக்ஸ் இரண்டிலுமே 24 கோர்கள். ஆனால் முன்னது உச்சத்தில் 253 வாட் வரை போகும், பின்னது 157 வாட்.

இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டி பக்கம் வந்தால் கடைசி எழுத்து மட்டும் போதாது. எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இங்கேதான். 2022 செப்டம்பரில் ரைசன் 5 7600எக்ஸ் என்று ஒரு டெஸ்க்டாப் பிராசசர் வந்தது, புத்தம் புதிய ஜென் 4 கட்டமைப்பு, 6 கோர், 105 வாட். அதே மாதம் ரைசன் 5 7520யு என்று லேப்டாப்புக்கு ஒன்று வந்தது. பெயரைப் பார்த்தால் கூடப் பிறந்தவை போல இருக்கும், ஆனால் 7520யுவுக்குள் இருப்பது 2019இல் வந்த ஜென் 2 கட்டமைப்பு, 4 கோர். அந்த லேப்டாப் வரிசையில் முதல் எண் ஆண்டையும், மூன்றாவது எண் கட்டமைப்பையும் குறிக்கும் என்று ஏஎம்டி விளக்கம் கொடுத்தது உண்மைதான். 7520இல் மூன்றாவது எண் 2, 7730யுவில் 3, 7840யுவில் 4. விதி தெரிந்தவருக்கு ஒரே பார்வையில் புரிந்துவிடும். ஆனால் வாங்க வருகிறவர் கண்ணில் முதலில் படுவது முன்னால் நிற்கும் 7தான், உள்ளே எத்தனை வயது என்பதை மூன்றாவது இடத்தில் ஒளித்து வைத்தால் அவருக்கு எப்படித் தெரியும்?

இன்டெலும் 2023 இறுதியில் ஐ என்ற எழுத்தை எடுத்துவிட்டது. இப்போது கோர் அல்ட்ரா 7, வெறும் கோர் 7 என்று இரண்டு. அல்ட்ரா இல்லாத கோர் 7 150யு, பெயரில் புதியது, உள்ளே 13ஆம் தலைமுறையில் பார்த்த அதே ராப்டர் லேக் கட்டமைப்பு, அதே 2 பெரிய கோர், 8 சிறிய கோர். கோர் அல்ட்ரா 7 258வி என்பதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது, பிராசசரோடு சேர்ந்தே 32 ஜிபி நினைவகம் வரும். 256வி என்றால் 16 ஜிபி. அதைப் பிறகு கூட்ட முடியாது என்பதால் அந்தக் கடைசி எண்ணை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

ஆப்பிள் இதில் வேறு வழியில் போனது. 2020இல் எம்1 வந்தபோது விசிறியே இல்லாத மேக்புக் ஏருக்கும் விசிறியுள்ள மேக் மினிக்கும் அதே பெயர்தான். அங்கே கேட்க வேண்டியது எழுத்தை அல்ல, விசிறி இருக்கிறதா என்பதை.

சரி, தங்கை விஷயம். அதே விலைப் பிரிவில் ஐ5-12500ஹெச் போட்ட ஒரு லேப்டாப்பையும் அவள் பார்த்து வைத்திருந்தாள், ஐ5 என்பதால் ஒதுக்கியிருக்கிறாள். அதில் 4 பெரிய கோர், 8 சிறிய கோர், 45 வாட். கனம் கொஞ்சம் கூடுதல், சார்ஜர் பெரிது, பேட்டரியும் சீக்கிரம் இறங்கும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். "எடிட் பண்ணும்போது எப்படியும் சார்ஜர் போட்டுத்தான் உட்காருவேன்" என்றாள். அந்த ஐ5ஐத்தான் எடுக்கப்போகிறாள்.