சரியான வருத்தமோ?

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சிறிய மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி போன்றவை பழகிவிட்டால் கை தானாக எழுதும். கடிதங்கள்தான் வேறு மாதிரி.

ஒருநாள் கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அம்மா கடிதம் ஒன்றோடு வந்தார். லண்டனில் தனியாக இருக்கும் அவருடைய தம்பியைப் பற்றி அங்குள்ள வீட்டுக்காரர் எழுதியது. போன மாதத்திலிருந்து அவர் 'நொட் வெரி வெல்' என்று அதில் ஒரு வரி. 'மிகவும் சுகமில்லாமல் இருக்கிறார்' என்று எழுதி வாசித்துக் காட்டினேன். அம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "சரியான வருத்தமோ தம்பி?" கடுமையான நோயோ என்று கேட்கிறார்.

உள்ளே இருந்த மாஸ்டர் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் அவர். "இல்லையம்மா, அவ்வளவு சுகமில்லை எண்டுதான் எழுதியிருக்கு. பயப்பிடாதேங்கோ" என்றார். அம்மா வாசலில் நின்றே தம்பிக்குத் தொலைபேசி எடுத்தார்.

அப்புறம் மாஸ்டர் எனக்கு விளக்கினார். ஆங்கிலத்தில் 'நொட்' மறுப்பது 'வெரி'யைத்தான். நல்ல சுகம் என்று சொல்ல முடியாது, அவ்வளவே. தமிழிலோ 'இல்லாமல்' சுகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. முன்னால் நிற்கும் 'மிகவும்' அந்த இல்லாமையைப் பெரிதாக்கிவிடுகிறது. கடிதம் சொல்லாத ஒன்றைச் சொல்லி ஒரு மனிசியைக் கலங்க வைத்துவிட்டேன் என்பது பல நாள் மனதில் கிடந்தது.

அன்றிரவு அகராதியில் 'வெரி'யைத் தேடினேன். பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல், மூலம் இலத்தீனின் 'வேருஸ்'. பொருள் 'உண்மையான'. ஆங்கிலிக்கன் திருச்சபையின் 1662ஆம் ஆண்டுப் பொது மன்றாட்டு நூலில் வரும் 'வெரி கோட்' மெய்யான கடவுளைக் குறிக்கிறது. 'தட் வெரி டே' என்றால் இன்றும் 'அதே நாள்'தான். மெய் என்ற பொருள் தேய்ந்து மிகுதி ஆகியிருக்கிறது. அப்போதுதான் அந்த அம்மாவின் 'சரியான வருத்தம்' நினைவுக்கு வந்தது. பிழையில்லாதது என்று பொருள்படும் 'சரி' எங்கள் வாயில் சரியான வெயில், சரியான சனம் என்று மிகுதியைச் சொல்கிறது. இரண்டு மொழியும் ஏறக்குறைய ஒரே வழியில் நடந்திருக்கின்றன! அதைக் கண்டபோது வந்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று மிகுதிக்கு ஆறு உரிச்சொல் தருகிறது நன்னூல். பேச்சில் மிக விரைவு என்பதை 'வலு கெதி' என்கிறோம். தனிச்சொல் இல்லாமலே பென்னம்பெரிய, சின்னஞ்சிறிய, பச்சைப்பசேல் என்று சொல்லிவிடுகிறோம். இவ்வளவும் இருக்க, வரிக்கு வரி 'மிகவும்' போட்டு எழுதுவது எனக்கு இப்போது பொறுக்கவில்லை.

'நொட் வெரி' வருகிற இடத்தில் முதலில் பென்சிலால் ஒரு வட்டம் போடுகிறேன். 'அவ்வளவு' பொருந்துமா என்று வாய்விட்டு வாசித்துப் பார்த்த பிறகுதான் கணினியில் கை வைக்கிறேன்.