அம்மாவுக்காக ஒரு செவ்வாய்: கொச்சிக்கடையிலிருந்து மாதம்பிட்டி வரை

கொழும்பில் கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்குச் செவ்வாய்க்கிழமை என்றால் கொச்சிக்கடைதான். பிள்ளைக்குச் சோதனை என்றாலும், மகனுக்கு விசா இழுபட்டாலும், தோட்டின் சுரை தொலைந்தாலும் அம்மாமார் போய் நிற்கிற இடம் அந்தோனியார் கோயில். அந்த அம்மா கண்மூடிய பிறகு பிள்ளைகள் வீரகேசரியில் படத்தோடு நினைவஞ்சலி போடுவார்கள், வீட்டுக்குக் கிட்டின கோயிலில் ஒரு பூசைக்குக் காசு கட்டுவார்கள். பிழையில்லை. ஆனால் விசுவாசத்தில் வாழ்ந்து முடிந்த ஒருவரை நினைப்பதற்கு, அவர் வாரம் தவறாமல் நடந்த வழியில் ஒரு நாள் நடப்பது இன்னும் பொருத்தம். கொச்சிக்கடை, பிறகு அம்மாவை அடக்கிய சேமக்காலை (கல்லறைத் தோட்டம்). முன்கூட்டியே ஆயத்தம் செய்தால் ஒரு முற்பகல் போதும்.

ஏன் செவ்வாய் என்று சின்னப் பிள்ளைகள் கேட்பார்கள். அந்தோனியார் 1231 ஜூன் 13, வெள்ளிக்கிழமை, பதுவாவுக்கு அருகே இறந்தார். அடக்கம் அடுத்த செவ்வாய் நடந்தது. அன்றிலிருந்து செவ்வாய் அவருடைய நாள். திருநாளுக்கு முன் 13 செவ்வாய் தொடர்ந்து செபிக்கும் வழக்கமும் இதைப் பிடித்து வந்ததுதான். அம்மா இடையில் விட்டுப்போன 13 செவ்வாயைப் பிள்ளைகள் எடுத்து முடிக்கலாம். மார்ச் நடுவில் தொடங்கினால் ஜூன் 13க்குக் கணக்குச் சரியாக வரும். ஒரு கிழமை தவறினால் முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. அப்படியொரு சட்டம் திருச்சபையில் கிடையாது.

ஒல்லாந்தர் காலத்தில், 1658க்கும் 1796க்கும் இடையில், கத்தோலிக்க வழிபாட்டுக்கு இங்கே தடை. கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குருவானவர் வியாபாரி வேடத்தில் மறைந்திருந்தார் என்றும், கரையைக் கடல் அரித்தபோது மீனவர்கள் அவரிடம் போய் நிற்க, அவர் மணலில் சிலுவை நட்டு மூன்று நாள் செபித்ததில் கடல் பின்வாங்கியது என்றும் பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். அவருக்குக் கிடைத்த நிலத்தில் எழுந்த மண்கோயில்தான் இன்றைய திருத்தலத்தின் தொடக்கம். கத்தோலிக்கருக்குச் சட்டப்படி விடுதலை கிடைத்தது 1806இல். 1822இல் கோவாவிலிருந்து அந்தோனியாரின் சுரூபம் (சிலை) வந்தது. குருமார் வெளிப்படையாக நடமாட முடியாத அந்தத் தடைக்காலத்தில் செபங்களை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுவந்தது வீடு. வீட்டில் யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று விளக்கத் தேவையில்லை.

இனி காரியத்துக்கு வருவோம். அதிகம் பிழை நடக்கிற இடம் பூசைக் கருத்து, அதாவது யாருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கவேண்டும் என்று எழுதிக் கொடுப்பது. செவ்வாய் காலை கோயில் வாசலில் வந்து நின்று இன்றைக்கே அம்மாவின் பெயரை வாசிக்கச் சொன்னால் நடப்பது கஷ்டம். ஒரு கிழமைக்கு முன்பாவது அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். துண்டில் ஞானஸ்நானப் பெயரை எழுதுங்கள். மரிய திரேசா என்று பதிவாகி, ஊரெல்லாம் பேபி அக்கா என்று கூப்பிட்ட அம்மாவாக இருந்தால் இரண்டையும் எழுதலாம், உறவினர் காதில் விழுந்தால் புரியவேண்டுமே. பூசை சிங்களத்தில் என்றால் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பெரிய எழுத்தில் எழுதுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத குருவானவர் பெயரைத் தடுமாறி வாசித்துவிட்டார் என்று பிறகு மனவருத்தப்பட்டுப் பயனில்லை.

நினைவு நாள் ஞாயிறில் விழுந்தால் ஒன்றை அறிந்திருப்பது நல்லது. பங்குத் தந்தை ஞாயிறுதோறும் ஒரு பூசையைத் தன் பங்கு மக்கள் எல்லோருக்காகவும் ஒப்புக்கொடுக்கக் கடமைப்பட்டவர். அந்தப் பூசைக்குத் தனிக் கருத்து எடுக்கமாட்டார். கோபிக்காமல் வேறு நேரப் பூசையைக் கேளுங்கள். பெரிய வெள்ளியில் விழுந்தால் அன்று பூசையே இல்லை, சனிக்கிழமையும் இரவுத் திருவிழிப்பு மட்டும்தான். குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய கிழமைக்கு மாற்றிவிடலாம். பல பெயர்களைச் சேர்த்து ஒரே பூசையாக ஒப்புக்கொடுப்பதற்கும் வரம்பு உண்டு. காசு கொடுக்கிறவர்களுக்கு அதைச் சொல்லி, அவர்கள் சம்மதத்தைப் பெறவேண்டும். அம்மாவுக்குத் தனிப் பூசைதான் வேண்டுமென்றால் வாய் திறந்து கேளுங்கள். கையில் காசில்லை என்றால் அதையும் சொல்லலாம். ஏழைகளின் கருத்துக்காகக் காணிக்கை இல்லாமலும் பூசை ஒப்புக்கொடுக்கும்படி குருமாரைத் திருச்சபைச் சட்டமே ஊக்குவிக்கிறது.

கிரகோரியார் பூசை கேட்கிறவர்களும் உண்டு. இறந்த ஒருவருக்காக 30 நாள், நாள் விடாமல், நாளுக்கொன்றாக 30 பூசை. ஒரே குருவானவர்தான் வைக்கவேண்டும் என்றில்லை, ஒரே பீடமும் தேவையில்லை. ஆனால் நெருக்கடியான நகரப் பங்கில் 30 நாளும் ஒரு பெயருக்கு ஒதுக்குவது சாத்தியப்படாது. துறவியர் மடங்களில் விசாரிப்பதே நல்ல வழி.

பூசை நாளுக்கு முன்னரே, வேறொரு வேலைநாளில் செய்து முடிக்கவேண்டிய காரியம் ஒன்றிருக்கிறது. அதை யாரும் நினைப்பதில்லை: அம்மா ஞானஸ்நானம் பெற்ற பங்கின் பதிவேடு. கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், ஜம்பட்டா வீதிப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு அது சாந்த லூசியாள் பேராலயமாகவோ சுற்றியுள்ள பங்குகளில் ஒன்றாகவோ இருக்கும். மலையகத்திலோ மன்னாரிலோ பிறந்தவர் என்றால் அங்கேதான் தேடவேண்டும். ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் உறுதிபூசுதலையும் திருமணத்தையும் குறித்துவைக்க வேண்டும் என்பது சட்டம். இன்னொரு பங்கில் கலியாணம் நடந்திருந்தாலும் அறிவித்தல் இங்கே திரும்பி வரும், குறிப்பு ஏறும். அதனால் அந்த ஒரே வரியில் அம்மாவின் பிறந்த திகதி, பெற்றோர், ஞானத்தாய், ஞானத்தந்தை, ஓரத்தில் வேறொரு கையெழுத்தில் கணவனின் பெயர் என எல்லாம் கிடக்கும். இறப்பு இதில் இருக்காது, அது அடக்கம் நடந்த பங்கின் தனிப் பதிவேட்டில்.

தேடப் போகும்போது அண்ணளவான ஆண்டும் தாத்தாவின் முழுப்பெயரும் கையில் இருக்கவேண்டும். ஆண்டு மட்டும் தெரிந்தால், பிறந்த ஆண்டோடு நில்லாமல் அடுத்த ஆண்டின் பக்கங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். டிசம்பரில் பிறந்த பிள்ளைக்கு ஜனவரியில் ஞானஸ்நானம் நடப்பது சாதாரணம். பழைய பதிவுகள் பலவற்றில் பெயர்கள் லத்தீன் உருவில் இருக்கும். எலிசபெத்து என்று தேடினால் கிடைக்காது, எலிசபெத்தா என்றிருக்கும். சந்தியாகு என்கிற தாத்தா யாக்கோபுஸ் ஆகியிருப்பார். அலுவலகத்தில் இருக்கிறவர் அப்படி யாருமில்லை என்று சொன்னவுடன் திரும்பிவிடாதீர்கள். திருநாள் காலத்திலும் செவ்வாயிலும் இந்த வேலைக்குப் போகவேண்டாம், அவர்களுக்கும் அன்று மூச்சுவிட நேரமிராது.

செவ்வாயன்று கோட்டைப் புகையிரத நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கு ஓட்டோதான் சுலபம். துறைமுகத்துக் கொள்கலன் லொறிகள் வீதியை அடைக்கத் தொடங்குமுன் போய்விடுவது புத்தி. நுகேகொடைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு 168 பஸ் கொட்டாஞ்சேனை வரை வரும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மொழிக்கொரு பூசை என்பதால் நேரத்தை முதல்நாளே கேட்டு உறுதிப்படுத்துங்கள். பெரிய பை கொண்டுபோகாதீர்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலைப் பூசையில் குண்டு வெடித்த கோயில் இது. அன்று பிள்ளைகளோடு பூசை கண்டுகொண்டிருந்த தாய்மாரும் இறந்தவர்களில் இருக்கிறார்கள். திருத்தி எழுப்பிய கோயில் 2019 ஜூன் 12, திருநாளுக்கு முதல்நாள், மறுபடி திறந்தது. வாசலில் பையைத் திறந்து காட்டச் சொன்னால் முகம் சுளிக்காமல் காட்டுங்கள்.

உள்ளே நுழையும் இடத்தில் கண்ணாடிப் பேழைக்குள் சுரூபத்தோடு அந்தோனியாரின் நாவின் சிறு துணுக்கு வைக்கப்பட்டிருக்கிறது. 1263இல் கல்லறையைத் திறந்தபோது உடல் மண்ணாகி, போதித்த நாக்கு மட்டும் அழியாமல் இருந்தது என்பது வரலாறு. கண்ணாடியில் கைவைத்துச் செபிக்க வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். நீட்டிச் செபிக்க விருப்பமென்றால் தொட்டுவிட்டு உள்ளே போய் வாங்கிலில் இருந்து செபிக்கலாம். வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்கிறவர் பொட்டு வைத்தவராகவும் பின்னால் நிற்பவர் வெள்ளை உடுத்த சிங்கள அம்மாவாகவும் இருக்கலாம். கொச்சிக்கடையில் அது புதினமில்லை. பக்கத்துச் சிவன் கோயிலில் பொன்னம்பலவாணேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு நேரே இங்கே வருகிறவர்கள் எத்தனையோ பேர்.

மெழுகுதிரியில் ஒரு நுணுக்கம் உண்டு. மெல்லிய திரியைத் தடித்த திரிகளுக்கு நடுவில் நட்டால் பக்கச் சூட்டில் இடுப்பு இளகி, பாதிகூட எரியாமல் மடிந்து விழும். ஓரமாக இடம் பாருங்கள். அடியைச் சுடரில் காட்டி மெழுகு சொட்டத் தொடங்கியதும் ஊன்றி, பத்து எண்ணும்வரை ஆடாமல் பிடித்தால் நிற்கும். கடற்காற்று வருகிற பக்கத்தில் முதுகைக் கொடுத்து நின்று கொளுத்துங்கள். நைலோன் சேலையின் முந்தானையைச் செருகிக்கொள்வது முக்கியம், முக்காடு போட்டு வருகிறவர்கள் அதையும் பார்த்துக்கொள்ளவேண்டும். கூட்ட நாளில் எரிந்து முடியாத திரியைப் பணியாளர் எடுத்து இடம் பண்ணுவார். அம்மாவின் திரியை அணைத்துவிட்டார்களே என்று மனம் குமையவேண்டாம். கொளுத்தினபோதே செபம் சொல்லியாயிற்று.

அந்தோனியாரின் பெயரால் ஏழைகளுக்குப் பாண் கொடுப்பதும் ஒரு தாயிலிருந்து வந்த வழக்கம் என்கிறார்கள். பதுவாவில் தண்ணீரில் மூழ்கிய குழந்தை பிழைத்தால் அதன் நிறைக்குத் தானியம் தருவதாக ஒருத்தி நேர்ந்துகொண்டாள், குழந்தை எழுந்தது. அம்மாவின் பெயரில் பாணோ பணிஸோ கொடுக்கிறவர்கள் அன்று காலை வெதுப்பகத்தில் எடுத்ததாகக் கொடுங்கள். முதல்நாள் இரவே வாங்கிப் பொலித்தீனில் கட்டினால் கொழும்பு வெக்கையில் வியர்த்து, காலையில் பிசுபிசுக்கும். கிறீம் வைத்தது வேண்டவே வேண்டாம். வாசலில் நெரிசல் உண்டாக்காமல் கோயிலில் கேட்டு, அவர்கள் காட்டுகிற இடத்தில் கொடுப்பதே மரியாதை.

அங்கிருந்து மாதம்பிட்டிச் சேமக்காலை, அல்லது பொரளை கனத்தைச் சேமக்காலை. காணித்துண்டின் இலக்கம் எழுதிய கடதாசியைப் படம் பிடித்துக் கைபேசியில் வைத்திருங்கள், மழைக்குப் புல் மண்டினால் சொந்தப் பிள்ளைக்கே கல்லறை தெரியாது. வெள்ளை பூசுவதென்றால் மூன்று நாளைக்கு முன்னே ஆரம்பியுங்கள். கம்பி பிரஷால் பாசியை வேரோடு சுரண்டி, கழுவி, ஒரு நாள் காயவிட்டுத்தான் பூச்சு. ஈரத்தின் மேல் பூசினால் அடியில் பாசி உயிரோடிருந்து, அடுத்த மழைக்கே பூச்சு அப்பளமாக உரிந்துவிடும். எழுத்து வெட்டிய மாபிள் கல்லுக்குக் கம்பி பிரஷும் ஆகாது, தேசிக்காய்ப் புளியோ கழிப்பறை கழுவும் அமிலமோ ஆகவே ஆகாது. பளிச்சென்று வெளுத்தது போலிருக்கும், உண்மையில் கல் கரைந்து அம்மாவின் பெயர் மழுங்கியிருக்கும். மெல்லிய சவர்க்காரத் தண்ணீரும் பழைய பல் பிரஷும் போதும். தகனம் செய்த குடும்பங்கள் சாம்பலை வீட்டு அலுமாரியில் வைத்திருக்கக் கூடாது, கடலில் கரைக்கவும் கூடாது. திருச்சபை தகனத்தை 1963இல் அனுமதித்தது, ஆனால் சாம்பல் புனிதமான இடத்தில் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை.

நவம்பர் 1 முதல் 8 வரை சேமக்காலைக்குப் போய் மரித்தவர்களுக்காகச் செபித்தால், நாளுக்கு ஒரு பரிபூரண பலனை, அதாவது பாவத்துக்குரிய தண்டனை முழுதும் நீங்கும் பலனை, ஓர் ஆன்மாவுக்குப் பெற்றுக்கொடுக்கலாம். பாவசங்கீர்த்தனம், நற்கருணை, பரிசுத்த தந்தையின் கருத்துக்காகச் செபம், பாவத்தில் பற்றின்மை ஆகியவை நிபந்தனைகள். ஒரு பாவசங்கீர்த்தனம் எட்டு நாளுக்கும் போதும், நற்கருணை வாங்குவதும் பரிசுத்த தந்தையின் கருத்துக்காகச் செபிப்பதும் நாளுக்கு நாள் வேண்டும். அந்தக் கிழமைகளில் கொழும்பில் பின்னேரம் இடியோடு மழை கொட்டும். காலையிலேயே போய், கண்ணாடிக் குவளைக்குள் திரியை வைத்துக் கொளுத்திவிட்டு வாருங்கள்.

அம்மாவின் பொருட்களைப் பற்றியும் சொல்லவேண்டும். செபமாலை அறுந்திருந்தால் முதலில் மணிகளை எண்ணுங்கள்: அருள்நிறை மணி 53, பரலோக மணி 6, மொத்தம் 59. ஓரிரு மணி தொலைந்திருந்தால் மாற்றிக் கோக்கலாம். திருத்தமுடியாத மந்திரித்த (குருவானவர் ஆசீர்வதித்த) பொருளைக் குப்பையில் போடக்கூடாது, எரித்துச் சாம்பலைப் புதைக்கவேண்டும், அல்லது முழுதாகவே புதைக்கலாம். திரு இருதயப் படத்துக்குப் பின்னால் செருகிவைத்த காய்ந்த குருத்தோலையை விபூதிப் புதனுக்கு முன் கோயிலில் சேர்த்தால் சாம்பலுக்கு எடுத்துக்கொள்வார்கள். செபப் புத்தகத்தை மட்டும் யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். கடைசிப் பக்கங்களில் அம்மா தன் தாய் தகப்பன், சின்னம்மா, பிறந்தவுடன் போன பிள்ளை என்று இறந்த திகதிகளை எழுதிவைத்திருக்கக்கூடும். நவம்பர் மாதத்துக்கு மரித்தோர் பெயர் கேட்டுப் பங்கில் உறை தரும்போது அவற்றையும் சேர்த்து எழுதுங்கள். ஒக்டோபர் முடிவதற்குள் கொடுத்தால் மாதம் முழுவதும் பட்டியலில் இருக்கும்.