அப்பாவுக்கு நைட் ஷிப்ட்

போன மாதம் மகளோடு மெல்போர்னிலிருந்து லட்ரோப் பள்ளத்தாக்குப் பக்கம் போயிருந்தேன். லாய் யாங் சுரங்கத்தைப் பார்த்ததும் நெஞ்சு ஒரு நிமிடம் நான் வளர்ந்த நெய்வேலிக்கே போய்விட்டது. அதே பழுப்பு நிலக்கரி, படிப்படியாக இறங்கும் அதே பள்ளம், சக்கரத்தில் வாளிகளை வைத்து மண்ணை வாரும் அதே ராட்சத இயந்திரம். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் டிராரல்கனில் காபி வாங்க நின்றிருந்தோம். வரிசையில் எங்களுக்கு முன்னால், பூட்ஸெல்லாம் மண்ணாக, சுரங்க உடுப்போடு ஒரு பெண். நைட் ஷிப்ட் முடிந்தது, போய்த் தூங்க வேண்டும் என்று கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நைட் ஷிப்ட் என்றாலே எனக்கு அம்மாதான் ஞாபகம். அப்பா ராத்திரி பத்து மணிக்குப் போய் விடிந்து வருவார், சாப்பிட்டுப் படுத்தால் வீட்டில் ஒரு சத்தம் கேட்கக் கூடாது. குக்கர் விசிலடிக்கும் என்று அம்மா பானையில் சோறு வடிப்பார், மாவாட்ட எதிர்வீட்டு அத்தையிடம் போவார், அடுத்த வாரம் அந்த வீட்டில் நைட் ஷிப்ட் என்றால் அத்தை எங்கள் வீட்டுக்கு வருவார். எந்த வீட்டில் யாருக்கு என்ன ஷிப்ட் என்பது எங்கள் குடியிருப்பு வட்டத்துப் பெண்கள் எல்லாருக்கும் மனப்பாடம். அவர்களும் மூன்று ஷிப்ட் பார்த்தவர்கள்தான், எந்தப் பதிவேட்டிலும் பேர் இல்லை, அவ்வளவுதான்.

என் வகுப்பில் கணக்கில் எப்போதும் நூறு வாங்கும் தோழி ஒருத்தி, அவளுக்கு மைனிங் படிக்க ஆசை. "அது பொம்பளைப் புள்ளைக்கு ஆகாதும்மா" என்றார்கள். அப்போது எனக்கு ஆத்திரமாக வந்தது. சட்டமே அப்படித்தான் இருந்தது என்று பிற்பாடுதான் தெரிந்தது. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 46ஆம் பிரிவுப்படி பெண்கள் நிலத்தடியில் வேலை செய்யவே கூடாது, மேலே என்றால் காலை 6 முதல் மாலை 7 வரை மட்டும். எங்கள் நெய்வேலியில் இருப்பது திறந்தவெளிச் சுரங்கம், பகலில் தடையில்லை. ஆனால் சங்கு ஊதி ஷிப்ட் மாறுகிற ஊரில், ராத்திரிக்கு வர முடியாதவளை யார் வேலைக்கு எடுப்பார்கள்? அவள் பி.எஸ்ஸி. கணிதம் சேர்ந்தாள்.

2019இல்தான் மத்திய அரசு அதைத் தளர்த்தியது. பெண்ணின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு திறந்தவெளிச் சுரங்கத்தில் இரவு வேலையும், தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளுக்குப் பகலில் நிலத்தடி வேலையும் வந்தன. 2021இல் ஜார்க்கண்டின் சூரி நிலத்தடிச் சுரங்கத்தில் ஆகாங்ஷா குமாரி பொறியாளராகச் சேர்ந்தார், அவரும் சுரங்கங்களைப் பார்த்தே வளர்ந்தவர். அந்தச் செய்தியை அந்த வகுப்புத் தோழிக்கு அனுப்பினேன். "நமக்கு முப்பது வருஷம் லேட்டுடி" என்று மட்டும் எழுதினாள்.

டிராரல்கன் பெண்ணைப் பற்றி அன்றைக்கே அம்மாவிடம் போனில் சொன்னேன். அப்பா போன பிறகு வடலூரில் தனியாக இருக்கிறார், பென்ஷன், வீட்டு வரி எல்லாம் அவரே பார்த்துக்கொள்கிறார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அந்தப் பொண்ணு பகல்ல தூங்கறப்போ வீட்டுல சத்தம் வராம யாரு பாத்துக்கறாங்க?"