பண்டாரவளை முற்றத்தில் முக்கால் கடப்பு

கதவுக் கீல் ஒன்று, ஒட்டுப்பலகை இரண்டு துண்டு, 1 மி.மீ. புரியிடை (ஒரு சுற்றில் ஏறும் அளவு) உள்ள திருகுக் கம்பி ஒன்று. கீலிலிருந்து கம்பி வரை 22.9 செ.மீ. விட்டு, கம்பியை நிமிடத்துக்கு ஒரு சுற்றுத் திருப்பினால் மேற்பலகை பூமி சுழலும் வேகத்திலேயே எழும். அதன் மேல் பூட்டிய கேமரா வானத்தோடு சேர்ந்து நகரும். ஒரு புறக்கோளை, அதாவது வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளைப் பிடிக்க என்னிடம் இருக்கும் கருவி இவ்வளவுதான். கூடவே பழைய கெனன் கேமராவும் 200 மி.மீ. லென்ஸும்.

பலகை அறுத்துக் கொடுத்தவர் மாமா. தேயிலைத் தொழிற்சாலையில் தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"இதை வைத்து என்ன பார்க்கப் போகிறாய், மருமகனே?"

"ஒரு நட்சத்திரம் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு மங்குவதை."

"என் கண்ணுக்கு எல்லாமே அதைவிட அதிகமாக மங்குகிறது" என்று ரம்பத்தை எடுத்து வைத்தார்.

நான் குறிவைத்தது எச்டி 189733 பி. 2005இல் கண்டுபிடிக்கப்பட்ட, வியாழனைவிடச் சற்றுப் பெரிய கோள். 64 ஒளியாண்டு தொலைவு. 2.2186 நாளுக்கு ஒருமுறை தன் விண்மீனுக்கு முன்னால் கடக்கிறது; அப்போது அதன் ஒளியில் ஒரு பங்கை மறைப்பதால் விண்மீன் சற்று மங்கும். ஒரு கடப்புக்கு ஏறக்குறைய ஒரு மணி 49 நிமிடம். விண்மீனைத் தேடுவதும் எளிது. திருவோணத்துக்கு வடக்கே எம்27 என்ற நெபுலாவை (ஒளிரும் வாயுமேகம்) பிடித்தால், அதற்கு அரை டிகிரிக்குள் கிழக்கே இருக்கிறது.

முதல் முயற்சி இலங்கை மலைநாட்டு ஹட்டனில், எங்கள் வீட்டு முற்றத்தில். ஜூலை மாதத்தில் ஹட்டனில் வானம் பார்க்க நினைத்தவனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது மணிக்குப் பனி மூட்டம், பத்து மணிக்குத் தூறல்.

ஆகவே கேமராவைத் தூக்கிக்கொண்டு மாமா வீட்டுக்கு, பண்டாரவளைக்கு ரயிலேறினேன். பட்டிப்பொல தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழையும்போது ஜன்னலில் மழை. வெளியே வந்தால் ஊவாப் பக்கத்து வெயில். தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்ந்துவிட, இந்தப் பக்கம் இறங்குவது காய்ந்த கச்சான் காற்று மட்டும்.

அடுத்த சிக்கல் வடக்கு. கீலின் அச்சு வானத்தின் வட துருவத்தை நோக்க வேண்டும். நாற்பது, ஐம்பது டிகிரி அட்சரேகைக்காரர்கள் வரைந்த படங்களில் துருவ நட்சத்திரம் கம்பீரமாக மேலே நிற்கிறது. பண்டாரவளையில் அது அடிவானத்திலிருந்து ஏழு டிகிரிகூட இல்லை; வடக்கே இருக்கும் மலை முதுகு அதை முழுதாக விழுங்கிவிடுகிறது. திசைகாட்டியை நம்பலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, மாமா முற்றத்தில் ஒரு குச்சியை நேராக நட்டு, கயிற்றால் அதைச் சுற்றி வட்டம் போட்டார். மனை கோலுவதற்கு அவருடைய அப்பா சங்கு (நிழல் பார்க்கும் குச்சி) நாட்டிய முறை. காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஓர் ஆணி, மாலையில் மறுபடி தொடும் இடத்தில் ஓர் ஆணி. இரண்டையும் இணைத்தால் கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்தாக வடக்கு. ஆகஸ்டில் நடுப்பகல் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே போவதால் நிழல் தெற்கே சாய்ந்தது. முறைக்கு அதனால் குறையில்லை. ஏழு டிகிரிக்கு ஓர் ஆப்புச் செருகினோம், முடிந்தது.

இரண்டாவது முயற்சியில் வானம் துல்லியம், படங்களும் துல்லியம். அதுதான் தவறு. கூர்மையாகக் குவித்த விண்மீன் நான்கைந்து பிக்சலுக்குள் அடங்கிவிடுகிறது. பலகை ஒரு மயிரிழை அசைந்தாலும் ஒளி வேறு பிக்சலில் விழுந்து அளவு மாறுகிறது. கணினியில் அளந்தபோது புள்ளிகள் மூன்று சதவீதம் சிதறியிருந்தன. நான் தேடிய பள்ளமோ 2.4 சதவீதம். அந்த ஒளிவளைவில் (ஒளி ஏறி இறங்குவதைக் காட்டும் வரைபடத்தில்) கோள் இருந்தது என்றும் சொல்லலாம், கொசு இருந்தது என்றும் சொல்லலாம்.

கோளின் ஐந்து சுற்றுக்கு 11 நாளும் இரண்டேகால் மணியும் ஆகும். ஆகவே அடுத்த நல்ல கடப்பு 11 நாள் கழித்து, நடுப்பொழுது இரவு 11.54க்கு. அமாவாசைக்கு மறுநாள் வேறு. (விடுமுறை கிடைக்கும் போயா நாளில்தான் நிலா முழுதாக நின்று கெடுக்கும்.) இந்த முறை வேண்டுமென்றே குவியத்தைக் கலைத்தேன். ஒவ்வொரு விண்மீனும் பதினைந்து பிக்சல் அகலத்துக்குச் சின்னத் தட்டாக விரிந்தது. பார்க்க அசிங்கம், அளக்க அருமை. பச்சைப் பிக்சல்களை மட்டும் எடுத்து, ஒத்த நிறமுள்ள பக்கத்து விண்மீன் ஒன்றோடு ஒப்பிட்டு, பத்துப் பத்துப் படங்களாகச் சராசரி போட்டேன். சிதறல் அரை சதவீதத்துக்கு இறங்கியது.

பதினொரு மணிக்குப் பிறகு புள்ளிகள் இறங்கத் தொடங்கின. பதினொன்றரைக்கு அடியைத் தொட்டு, அங்கேயே கிடந்தன. என் கணக்கில் ஆழம் 2.1 சதவீதம். பன்னிரண்டு இருபதுக்கு எங்கிருந்தோ ஒரு மேகம் வந்து படுத்துக்கொண்டது. ஏறும் பக்கத்தை நான் பார்க்கவேயில்லை.

இந்தக் கோளில் ஆயிரம் டிகிரியை நெருங்கும் வெப்பம். உயிர் என்ற பேச்சே இல்லை. சூரியனைப் பூமி கடப்பதை வெளியிலிருந்து யாராவது அளந்தால், பள்ளம் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. அதனால்தான் வாழத்தகு கோள்களைத் தேடுகிறவர்கள் செங்குறுமீன்களை, அதாவது சிறிய, மங்கலான சிவப்பு விண்மீன்களைச் சுற்றுகிறார்கள். விண்மீன் சிறியதானால் பள்ளம் பெரிது. 124 ஒளியாண்டு தள்ளியிருக்கும் கே2-18 பி அப்படி ஒன்று. அதன் வளிமண்டலத்தில் டைமெதில் சல்ஃபைடு தெரிவதாக 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் குழு அறிவித்தது. பூமியில் அந்த வாயுவைப் பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்களே வெளியிடுகின்றன. மூன்று சிக்மா (தற்செயலாக இருக்க வாய்ப்பு எவ்வளவு குறைவு என்பதன் அளவுகோல்) அளவுதான் உறுதி, கண்டுபிடிப்பு என்று சொல்ல ஐந்து வேண்டும். அதே தரவை எடுத்து அளந்த வேறு குழுக்கள் போதாது என்றன. அப்போது அவர்கள் வீண் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்தேன். என் மூன்று சதவீதச் சிதறலைப் பார்த்த பிறகு, எதிர்த்தவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

மாமாவுக்கு ஒரே சந்தேகம்தான்: அங்கே போக எவ்வளவு நாள்? வொயேஜர் 1 விண்கலம் நொடிக்கு 17 கி.மீ. போகிறது. அந்த வேகத்தில் எச்டி 189733க்கு ஏறக்குறைய 11 இலட்சம் ஆண்டு என்றேன். "அப்படியானால் சாப்பிட்டுவிட்டே போ" என்று ரொட்டித் தட்டை நகர்த்தினார்.

ஒன்பது சுற்றுக்கு 20 நாளில் 47 நிமிடம் குறைவு. அடுத்தது 11.07க்கு, தேய்பிறை நிலா நள்ளிரவுக்குத்தான் எழும். ஆணிகளைப் பிடுங்க வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். கோழிகள்தான் கேட்க வேண்டும்.